44 கூத்து நாடாவும் ஐந்து மீட்டர் வயரும்

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வேலை முடிந்தது. அப்பாவின் பழைய கணினியில் கூத்து வீடியோவும் படங்களுமாக இருந்த 640 ஜிபியும் லாப்டொப்புக்கு வந்துவிட்டது. கொப்பி ஓடிய நேரம் இரண்டரை மணித்தியாலம். ஆனால் அந்த இரண்டரை மணித்தியாலத்துக்கு வந்து சேர எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. எங்கெங்கே பிழை விட்டேன், என்ன செலவானது என்பதை மறக்க முன்னம் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு மட்டக்களப்பில் கல்லடியில், கடலுக்குக் கிட்ட. 2004 டிசம்பர் 26க்கு முந்திய குடும்பப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அலுமாரியோடு கடல் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு அப்பா ஒரு சின்ன வீடியோக் கமெரா வாங்கினார். அப்போது அவர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். சனி ஞாயிறு வந்தால் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போய்விடுவார். கன்னன்குடா, வவுணதீவு என்று எங்கே கூத்து அரங்கேற்றம் என்றாலும் வட்டக்களரியின், அதாவது வட்டமான ஆடுகளத்தின், ஓரத்தில் விடியும்வரை நின்று எடுப்பார். அந்தக் கமெராவில் போடும் மினிடிவி (MiniDV) நாடா ஒன்று 60 நிமிடம். ஒரு இரவுக் கூத்துக்கு எட்டு நாடா. கூத்தின் இரண்டு வகையில் வடமோடி மூன்று, தென்மோடி இரண்டு, அதோடு கண்ணகி அம்மன் சடங்கு நான்கு நாடா. எல்லாமாக 44.

2011இல் அவ்வளவையும் கணினியில் ஏற்றினார். ஒரு மணி நேர நாடா ஏற ஒரு மணி நேரம் எடுக்கும், இடையில் எழும்பிப் போக முடியாது. பிறகு கமெராவில் நாடாவை வாசிக்கும் ஹெட் போய்விட்டது. நாடாக்களில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஆக, கூத்துப் பழக்கிய அந்த அண்ணாவிமாரின் மத்தளமும் சல்லாரியும் இன்றைக்கு இருப்பது ஒரேயொரு 1 டிபி ஹார்ட் டிஸ்கில். மாரி தொடங்கினால் அந்தப் பெட்டியை மேசைக்கு மேலே தூக்கி வைப்போம். போன மாதம் பட்டனை இரண்டு தடவை அழுத்தியும் எழும்பவில்லை, மூன்றாம் தடவைதான் எழும்பியது. அன்றைக்கே முடிவெடுத்தேன்.

டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி வயர் போட்டு லாப்டொப்பில் செருகினால் போதுமே என்று கேட்கலாம். நானும் யோசித்தேன். ஆனால் 14 வருடம் ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் ஓடிய டிஸ்க். கைதவறினால் இன்னொரு பிரதி இல்லை. "அதில கை வைக்காம செய்ய ஏலாதா மகள்?" என்று அப்பா கேட்டார். ஏலும் என்று சொல்லிவிட்டேன்.

பழையது விண்டோஸ் 7. லாப்டொப் விண்டோஸ் 11, அலுவலகங்களில் பாவித்துக் கழித்த ரகம், அதனால் நெட்வொர்க் வயர் செருகும் லான் துளை இருக்கிறது. பழைய கணினியில் மெதுவான யூஎஸ்பி 2.0 மட்டும்தான்.

முதல் சனிக்கிழமை கையில் கிடைத்த 32 ஜிபி பென் டிரைவோடு தொடங்கினேன். முதல் நாடாவை இழுத்துப் போட்டதுமே கோப்பு பெரிது என்று மறுத்துவிட்டது. பென் டிரைவ் ஃபாட்32 என்ற பழைய கோப்பு அடுக்கும் முறையில் இருந்தது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. நாடா ஒன்றோ கிட்டத்தட்ட 13 ஜிபி. என்டிஎஃப்எஸ் முறைக்கு ஃபார்மட் பண்ணியபின் ஏற்றுக்கொண்டது. எழுதும் வேகம் விநாடிக்கு 7 எம்பி. இரண்டு நாடா ஏற ஒரு மணித்தியாலத்துக்கு மேல். 44 நாடாவுக்கு 22 தடவை நடக்க வேண்டும். முதல் இரண்டு நாடாவை மட்டும் லாப்டொப்பில் இறக்கிவிட்டு அந்த வழியை விட்டேன். இறக்கிய இரண்டையும் அதே கோப்புறையிலேயே விட்டுவைத்தேன். அதன் பலன் கடைசி நாளில் தெரிந்தது.

அடுத்தது வைஃபை. பழைய கணினியில் யூஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை குச்சி ஒன்று இருக்கிறது. இரண்டு கணினியும் ஒரே ரவுட்டரில். விநாடிக்கு 4 எம்பி வந்தது. இரண்டு பக்கமும் வயர் இல்லாவிட்டால் ஒவ்வொரு துண்டும் காற்றில் இரண்டு தடவை போகிறது: கணினியிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து லாப்டொப்புக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 44 மணித்தியாலம். சரி, ஓடட்டும் என்று விட்டேன். திங்கள் இரவு கரண்ட் போனது. பழைய கணினியும் ரவுட்டரும் நின்றுவிட்டன. பாதியில் நின்ற 13 ஜிபி கோப்பு, கரண்ட் வந்தபின் பூச்சியத்திலிருந்து தொடங்கியது. இந்த வழியையும் நிறுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை வயருக்கு வந்தேன். வீட்டில் பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டர் இருந்த காலத்து லான் வயர், ஐந்து மீட்டர், அலுமாரிக்குள் சுருண்டு கிடந்தது. இரண்டு கணினியை நேரே இணைக்க, இரண்டு தலையிலும் கம்பி வரிசை மாறியிருக்கும் 'குறொஸ்' வயர்தான் வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். கிகாபிட் (விநாடிக்கு 1,000 மெகாபிட்) துளை உள்ள கணினிகளுக்கு அது தேவையில்லை, எந்தக் கம்பிச் சோடி எதற்கு என்பதைத் துளையே பார்த்து மாற்றிக்கொள்ளும். சாதாரண வயரைச் செருகினேன், இரண்டு பக்கமும் விளக்கு எரிந்தது.

இடையில் ரவுட்டர் இல்லாததால் முகவரி கொடுக்க ஆள் இல்லை. இரண்டும் 169.254 என்று தொடங்கும் ஏதோ ஒரு முகவரியைத் தாங்களே போட்டுக்கொண்டன. அதை விட்டுவிட்டு நானே எழுதினேன்: பழையதுக்கு 192.168.50.1, லாப்டொப்புக்கு 192.168.50.2, இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0. லாப்டொப்பிலிருந்து பிங் அடித்தால், அதாவது மறுபக்கம் இருக்கிறதா என்று கேட்டால், பதில் இல்லை.

இதில் ஒரு மாலை முழுக்கப் போனது. பழைய கணினி அந்த வயரை 'அடையாளம் தெரியாத நெட்வொர்க்' என்று காட்டிப் பொது இடம் போல நடத்தியது. அப்படியானால் ஃபயர்வோல் யாரையும் உள்ளே விடாது. விண்டோஸ் 7இல் அந்த வகையை அழுத்தி மாற்றவும் விடவில்லை. கடைசியில் வேலை செய்த வழி மிகச் சின்னது: பழைய கணினியின் கேட்வே (வெளியே போகும் வாசல்) கட்டத்தில் லாப்டொப்பின் முகவரியை, 192.168.50.2ஐ, எழுதினேன். கேட்வே ஒன்று இருந்தால்தான் அது நெட்வொர்க்கை அடையாளம் பிடிக்கிறது. உடனே இது வீடா, வேலையிடமா, பொது இடமா என்று கேட்டது. வீடு என்றேன். பிங் பதில் வந்தது. லாப்டொப்பில் எதையும் திறக்கத் தேவையில்லை. அது கேட்டு வாங்கும் பக்கம்தானே, அதை மூடியபடியே விட்டேன்.

அப்புறம் உள்ளே நுழையும் பிரச்சினை. அப்பாவின் கணக்குக்குக் கடவுச்சொல் கிடையாது. கடவுச்சொல் இல்லாத கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது, நேரே முன்னால் இருந்தால்தான் விடும். இது தெரியாமல் வெறும் கட்டத்தோடு எத்தனையோ தடவை ஓகே அழுத்தினேன். விண்டோஸ் கணினிகள் கோப்பு பகிரப் பேசும் பழைய மொழியான எஸ்எம்பி 1ஐத் திரும்பப் போடுங்கள் என்று பலரும் சொல்வார்கள், அதைச் செய்யவேண்டாம். 2017இல் வன்னாக்ரை என்ற கணினி வைரஸ் பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான். விண்டோஸ் எக்ஸ்பிக்குத்தான் அது வேண்டும், விண்டோஸ் 7 அதற்கு அடுத்த எஸ்எம்பி 2 பேசும். நான் செய்தது இதுதான்: பழைய கணினியில் 'கொப்பி' என்று புதுக் கணக்கு ஒன்று திறந்து, கடவுச்சொல் வைத்து, அப்பாவின் கோப்புறையை அந்தக் கணக்குக்கு வாசிக்க மட்டும் பகிர்ந்தேன். எழுதவோ அழிக்கவோ உரிமை கொடுக்கவில்லை. லாப்டொப்பில் நான் என்ன பிழை செய்தாலும் மூலத்தில் ஒரு எழுத்தும் மாறாது. இந்த முழு வேலையிலும் நான் செய்த மிகச் சரியான காரியம் அதுதான் என்று இப்பவும் நினைக்கிறேன்.

கொப்பி தொடங்கியது, விநாடிக்கு 11 எம்பி. பென் டிரைவையும் வைஃபையையும் பார்த்த கண்ணுக்கு அது பெரிய வேகம். 16 மணித்தியாலத்தில் முடியும் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த எண் என்னை உறுத்தியது. 11.2, 11.3, 11.2. ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. டிஸ்க்தான் மெதுவென்றால் வேகம் ஏறி இறங்கும். லான் நிலையைத் திறந்து பார்த்தேன்: 100 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் பிரித்தால் பன்னிரண்டரை எம்பி, கழிவு போக இந்தப் 11தான் மிஞ்சும். இரண்டு பக்கமும் கிகாபிட் துளை. அப்படியென்றால் பிழை வயரில்.

உள்ளே எட்டுக் கம்பி, நான்கு சோடி. 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும்: 1, 2, 3, 6ஆம் இடங்கள். கிகாபிட்டுக்கு நான்கு சோடியும் வேண்டும். மற்ற இரண்டு சோடியில் ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு சத்தம் போடாமல் 100க்கு இறங்கிவிடும், விளக்கும் எரியும், கொப்பியும் ஓடும். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டுச் செப்புத் தகட்டில் கடைசி இரண்டும் பச்சை பிடித்து மங்கியிருந்தன. கடலுக்குக் கிட்ட இருக்கிற வீட்டில் உப்புக்காற்று எதையும் விடாது, ஜன்னல் பிணைச்சலுக்கு நடப்பதுதான் இந்தச் சின்னப் பிளக்குக்கும் நடந்திருக்கிறது. ஊசியால் சுரண்டிப் பார்த்தேன், பலனில்லை.

புதன்கிழமை டவுனுக்குப் போய் லான் வயரின் தலைக்குப் போடும் ஆர்ஜே45 பிளக் பத்து வாங்கினேன், ஒன்று 40 ரூபா. வயர் டெஸ்டர் 1,450 ரூபா. பிளக்கைக் கம்பியோடு அழுத்திப் பூட்டும் குறடு பக்கத்துத் தெருவில் சிசிடிவி கமெரா பூட்டும் தம்பியிடம் இரவல். ஆயத்தமாக வரும் வயர் ஒன்றையே வாங்கியிருக்கலாம். ஆனால் வயர் நல்லது, தலை இரண்டும்தான் பழுது. இதைப் பழகிக்கொள்ளவும் ஆசை வந்துவிட்டது.

இரண்டு முனையையும் வெட்டி, மேலுறையை இரண்டரை சென்ரிமீட்டர் உரித்தேன். சோடிகளின் முறுக்கை அவிழ்த்து, நிறம் நிறமாக அடுக்கினேன்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-கபிலம், கபிலம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. டெஸ்டரில் போட்டால் 1 முதல் 8 வரை விளக்கு ஒழுங்காக எரிந்தது. கணினியில் செருகினால் 1 கிகாபிட் என்று காட்டிவிட்டுச் சில நிமிடத்தில் விழுந்தது. திரும்ப எழும்பியது, திரும்ப விழுந்தது. டெஸ்டரை நம்பி, பழுது பழைய கணினியின் லான் துளையில்தான் என்று நினைத்து வியாழன் முழுக்க டிரைவரைக் கழற்றிப் பூட்டினேன்.

வெள்ளி மாலை குறட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது வயரையும் கொண்டுபோனேன். அந்தத் தம்பி பிளக்கைத் திருப்பி நிறத்தைப் பார்த்த உடனேயே சொன்னார்: "அக்கா, சோடி சோடியா அடுக்கப்படா. பச்சைக்கு நடுவில நீலம் வரணும்." விளக்கத்தைப் பிளக்கைக் காட்டியே சொன்னார். 3ஆம் இடமும் 6ஆம் இடமும் ஒரு சோடியாகப் பேசுகின்றன. அந்த இரண்டு இடத்துக்கும் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பி போகவேண்டும். நான் அடுக்கியதில் 3க்கு வெள்ளை-பச்சையும் 6க்கு நீலமும் போயிருந்தன, இரண்டும் வெவ்வேறு முறுக்கு. டெஸ்டர் பார்ப்பது ஒரு முனையில் கொடுத்த மின்சாரம் மறுமுனைக்கு வருகிறதா என்பதை மட்டும்தான். எதோடு எது முறுக்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. முறுக்கு மாறினால் ஒரு சோடியின் சத்தம் அடுத்த சோடிக்குள் போய்விடும்.

சரியான வரிசை இது: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். அவருடைய மேசையிலேயே இருந்து திரும்பச் செய்தேன். முறுக்கை எவ்வளவு குறைவாக அவிழ்க்கலாமோ அவ்வளவுதான் அவிழ்க்கவேண்டும் என்றார். கம்பிகளை விரலால் நீவி நேராக்கி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தட்டையாகப் பிடித்து, நுனிகளை ஒரே வெட்டாகச் சமமாக்கி, பிளக்கின் கொக்கி கீழே பார்க்க உள்ளே தள்ளவேண்டும். எட்டு நுனியும் பிளக்கின் முன்சுவரில் முட்டுவதைக் கண்ணால் பார்த்தபின்தான் குறட்டை அழுத்தவேண்டும். மேலுறையும் பிளக்குக்குள் போய் அங்கே இருக்கும் சின்னக் கட்டைக்குக் கீழே கடிபடவேண்டும், இல்லாவிட்டால் இழுபடும் பாரம் எல்லாம் கம்பிக்குப் போய்விடும். ஒரு பிளக் பழுதானது, மற்ற இரண்டும் சரியாக வந்தன. பத்தில் ஐந்து முடிந்தது.

சனி மதியம் வயரைச் செருகினேன். 1 கிகாபிட், விழவில்லை.

இந்த முறை இழுத்துப் போடாமல் ரோபோகொப்பி பாவித்தேன். விண்டோஸோடு சேர்ந்தே வருவது, கறுப்புத் திரையில் எழுதி ஓட்டவேண்டும். மூன்று தெரிவு மட்டும் போட்டேன்: சாய்கோட்டோடு ஈ, உள்ளிருக்கும் எல்லாக் கோப்புறைக்கும், ஆர் 3, மூன்று தடவை முயற்சி, டபிள்யூ 5, இடையில் ஐந்து விநாடி. கடைசி இரண்டையும் கட்டாயம் போடுங்கள். போடாவிட்டால் திறக்காத ஒரு கோப்புக்காக அது பத்து இலட்சம் தடவை, ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி காத்து, முயற்சி செய்துகொண்டே இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரும் இசட் தெரிவையும் போட்டுப் பார்த்தேன், வேகம் பாதியாகக் குறைந்தது. இப்போதைய வேகத்தில் ஒரு நாடாவுக்கு இரண்டரை நிமிடம்தான், கரண்ட் போனால் அந்த ஒரு நாடாவைத் திரும்ப எடுத்தால் போயிற்று. இசட்டை எடுத்துவிட்டேன். மிர் என்ற தெரிவைத் தொடவே இல்லை. மூலத்தில் இல்லாததைப் போய்ச்சேரும் இடத்தில் அழித்துவிடும், போய்ச்சேரும் இடத்தைப் பிழையாக எழுதினால் லாப்டொப்பில் அங்கே இருந்ததன் கதை முடிந்தது.

தொடக்கத்தில் விநாடிக்கு 105 எம்பி. டிஸ்கின் உள்வட்டத்துக்குப் போகப்போக 60 வரை இறங்கியது. நாடா எல்லாம் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்தன. 21,000 படங்கள் 68 ஜிபிதான், ஆனால் சின்னக் கோப்புகள் என்பதால் 30 எம்பிக்கு மேல் போகவில்லை, நாற்பது நிமிடம் எடுத்தது. அப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பெயர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் அந்த இரவு யார் மத்தளம், யார் ஏடு பார்த்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதைப் போனில் ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறேன்.

அப்பா தட்டச்சு செய்து வைத்திருந்த கூத்துப் பாட்டுகள் லாப்டொப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றன. எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பழைய கணினியின் ஃபொன்ட் கோப்புறையிலிருந்து பாமினியை எடுத்து லாப்டொப்பில் நிறுவியதும் தமிழ் வந்துவிட்டது. பழைய கணினியை மூடமுன் ஃபொன்ட் கோப்புறையையும் எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் பக்கத்துப் பழைய ஆவணங்களில் பாதி பாமினிதான்.

இரண்டு பக்கமும் கோப்பு எண்ணிக்கையும் அளவும் ஒன்றாக இருந்தன. அதோடு விடாமல் விண்டோஸில் இருக்கும் சேர்ட்யூட்டில் (certutil) என்ற கட்டளையைக் கொண்டு ஒவ்வொரு நாடாவுக்கும் இரண்டு கணினியிலும் ஷா256 என்ற சரிபார்ப்பு எண் எடுத்தேன். கோப்பின் உள்ளே ஒரு பிட் மாறினாலும் அந்த நீண்ட எண் மாறிவிடும். பழைய கணினியில் நாடாவுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தது, இரவு முழுக்க விட்டுவிட்டுப் படுத்தேன். ஞாயிறு காலை ஒப்பிட்டால் 43 பொருந்தியது. இரண்டாம் நாடா பொருந்தவில்லை.

அப்பாவோடு இருந்து அதைத் தொடக்கத்திலிருந்து பார்த்தேன். 41ஆவது நிமிடம், வடமோடி, கூடை போல விரிந்த கரப்புடுப்போடு அரசன் வரவு ஆட்டத்தில் சுற்றித் திரும்பும் இடம். முகத்தின் குறுக்கே கண்மூடித் திறக்கும் நேரத்துக்குச் சதுரம் சதுரமாக உடைந்தது. "கொஞ்சம் பின்னுக்கு விடு மகள்" என்றார். திரும்பவும் அதே இடம். பழைய கணினியில் அதே நிமிடம் சுத்தமாக இருந்தது.

முதல் நாள் பென் டிரைவில் வந்த இரண்டில் ஒன்று அது. பெயர், அளவு, திகதி மூன்றும் ஒன்றாக இருந்ததால் ரோபோகொப்பி ஏற்கெனவே இருக்கிறது என்று அதைத் தாண்டிப் போய்விட்டது. உள்ளே திறந்து ஒப்பிடும் வேலையை அது செய்வதில்லை. லாப்டொப்பில் இருந்த முதல் இரண்டையும் அழித்துவிட்டு வயர் வழியாகத் திரும்ப எடுத்தேன். ஐந்து நிமிடம். இரண்டின் எண்ணும் பொருந்தின. பென் டிரைவைக் குப்பையில் போட்டேன்.

மொத்தச் செலவு 1,850 ரூபா. இன்னொரு தடவை செய்வதென்றால் வயரைச் செருகிய உடனேயே இணைப்பு வேகத்தைப் பார்ப்பேன், போய்ச்சேரும் கோப்புறையை வெறுமையாக வைத்துத் தொடங்குவேன், டெஸ்டருக்குக் கொடுத்த காசை ஆயத்தமான வயருக்குக் கொடுப்பேன். அடுத்த மாதம் வெளியே செருகும் டிஸ்க் ஒன்று வாங்கி, மூன்றாவது பிரதியைக் கொழும்பில் இருக்கும் தங்கச்சி வீட்டில் வைக்கப்போகிறேன். கடலிலிருந்து தூரம், மூன்றாம் மாடி. அதுவரை பழைய டிஸ்கில் ஒன்றையும் அழிக்கப்போவதில்லை. வயரின் இரண்டு தலைக்கும் பொலித்தீன் சுற்றி, நிற வரிசையை எழுதிய கடதாசி ஒன்றை ஒட்டி, அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்.